அலகு இல்லாத கையேடு

ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடைக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "இப்படியே போங்க, வளைவு தாண்டினா வந்துடும்" என்கிறோம். எந்த வளைவு, எத்தனை தூரம் என்பதைச் சொல்வதில்லை. ஆயினும் அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். ஐயம் வந்தால், காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அப்படிக் கேட்காமல், தாமே ஒன்றை ஊகித்துக்கொண்டு நடப்பவரிடம் இதே குறிப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்?

செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் நிரல் அத்தகைய ஒருவரே. நமக்காக இணையப் பக்கங்களைத் திறந்து, படிவங்களை நிரப்பி, பொத்தானை அழுத்தும் வேலை அதனிடம் இப்போது ஒப்படைக்கப்படுகிறது.

உலாவியைக் கைபடாமல் இயக்கும் கருவிகள் புதியன அல்ல. 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் செலினியத்தை உருவாக்கினார். 2020-இல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட்டை வெளியிட்டது. இவற்றின் கையேடுகள் நிரலாளருக்காக எழுதப்பட்டவை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி, கருவியின் பெயர், அதன் வேலையைக் கூறும் சில வரிகள், தரவேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்தே முகவர் கருவியைக் கையாளுகிறது. பெரும்பாலும் அச்சில வரிகளே அதற்குக் கையேடு. நமது விமர்சனமும் அவ்வரிகளைப் பற்றியதே.

முதற்குறை, அலகு. பிளேரைட்டில் காத்திருக்கும் கால எல்லை மில்லிவிநாடியில் தரப்படுகிறது. பைத்தான் மொழியில் செலினியத்தை இயக்கினால் அது விநாடி. பிளேரைட்டை முகவர்களுக்கு இணைத்துத் தரும் கருவியிலும் காத்திருப்பு விநாடியில்தான். அதை அதன் குறிப்பு தெளிவாகவே கூறுகிறது. ஆனால் இவற்றின் மேல் தாமே ஒரு கருவி செய்பவர், 'காத்திருக்கும் நேரம்: எண்' என்று மட்டும் எழுதினால் போதுமா? முப்பது விநாடி என்று எண்ணி முகவர் 30 எனத் தரும். கருவி முப்பது மில்லிவிநாடியில் கைவிட்டுவிடும். மாறாக 30,000 எனத் தந்து, கருவி அதை விநாடியாகக் கொண்டால் எட்டு மணி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்! அலகு எழுதாத விடைக்கு நாம் மதிப்பெண் குறைப்பது வீண் கண்டிப்பு அல்ல. 1999-இல் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' செவ்வாயை அடைந்தபோது அழிந்தது, ஒரு நிரல் பவுண்டு-விநாடியிலும் மற்றொன்று நியூட்டன்-விநாடியிலும் கணக்கிட்டதால்தான்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. ஒரு செயலை மீண்டும் செய்யலாமா, கூடாதா? பக்கத்தைப் படிப்பதை நூறு முறை செய்யலாம்; கட்டணம் செலுத்தும் பொத்தானை இருமுறை அழுத்தலாகாது. மேற்சொன்ன நெறிமுறையில் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது', 'திரும்பச் செய்தாலும் விளைவு கூடாது' என்று குறிக்க இடம் உண்டு. அவ்விடத்தை நிரப்பாமல் விடுவது கருவி செய்பவரின் பிழை. பிழைச்செய்தியும் கையேட்டின் பகுதியே என்பதை மறக்கலாகாது. 'தோல்வி' என்ற ஒற்றைச் சொல்லால் பயனில்லை. பொத்தான் அழுத்தப்படவே இல்லையா, அழுத்திய பின் விடை வரவில்லையா என்பதையும் அது சொல்லவேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. 'சொடுக்கு' என்னும் செயலுக்கு முன் எவை சரிபார்க்கப்படும் என்பதைப் பிளேரைட் கையேடு வரிசையாகக் கூறுகிறது: உறுப்பு ஒன்றே ஒன்றாக இருத்தல், கண்ணுக்குத் தெரிதல், அசையாதிருத்தல், வேறொன்றால் மறைக்கப்படாதிருத்தல், இயங்கும் நிலையில் இருத்தல். நம் ஆய்வுக்கூடச் செய்முறை ஏட்டுக்கு ஒப்பான தெளிவு இது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? வெள்ளக்கடை மாணவி ஒருத்தி கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று கொள்வோம். நாளை அவளுக்காக ஒரு முகவர் படிவத்தை நிரப்பலாம். மலையில் இணைப்பு இடையில் அறுகிறது. விண்ணப்பம் போய்விட்டதா, இல்லையா? கருவியின் குறிப்பு தெளிவாக இருந்தால், மீண்டும் அனுப்புமுன் முகவர் நிலையைச் சரிபார்க்கும். இல்லையேல் இருமுறை பணம் போகலாம். அல்லது போகாத விண்ணப்பம் போய்விட்டதாக எண்ணப்பட்டு ஓராண்டே வீணாகலாம்.

வாசகர்களே, உங்களில் சிலர் நாளை இத்தகைய கருவிகளைச் செய்யப்போகிறவர்கள். எழுதி முடித்த குறிப்பை, கணினி அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வரியாகும்.