தேசிங்கின் தோழர்

தேசிங்கு ராஜன் கதையில் வரும் முகம்மது கானை இந்து – முஸ்லிம் நேசத்தின் சின்னமாக நம் சமுதாய மேடைகள் நெடுங்காலமாகப் போற்றி வருகின்றன. மணக்கோலத்தைக் கலைத்துவிட்டு நண்பருக்காகப் போர்க்களம் புகுந்து மாண்டார் என்கிறது கதை. அந்த நேசத்தில் எனக்கு ஐயமில்லை. அதை நாம் எடைபோடும் முறையில்தான் ஐயம்.

வரலாற்றின் தேசிங்கு, புந்தேலா ராஜபுத்திரரான தேஜ்சிங். தந்தை சொரூப்சிங்குக்குப்பின் செஞ்சியை ஓராண்டுகூட ஆளவில்லை. கப்ப நிலுவை கேட்ட ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாகானைச் சிறுபடையுடன் எதிர்த்து 1714 அக்டோபரில் மடிந்தார். அவர் போருக்கு விடைகேட்டபோது சிங்கவரம் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது செஞ்சி வட்டார வழக்கு. முடிவு தவறென்று மக்கள் மனம் அறிந்தே இருந்தது. சொல்லும் பொறுப்பை மட்டும் கோயிலிடம் ஒப்படைத்துவிட்டது! தலைவனின் வீம்பு பின்தொடர்வோரின் மானமாக மாறிவிட்டால், தடுப்பவன் துரோகியாகத் தெரிவான்.

அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தபோது, எவ்வாறு என வினவப்பட்டது. அவனைத் தடுப்பதே உதவி என விளக்கினார்கள் (புகாரி). 632இல் பொறுப்பேற்ற அபூபக்கர் (ரலி) அவர்களும், தாம் தவறினால் திருத்துமாறே மக்களிடம் கேட்டார்கள். தேசிங்கு அநீதியாளர் அல்லர். ஆயினும் அவர் பணயம் வைத்தது தம் உயிரை மட்டுமன்று. கான் அவரைத் தடுத்துப் பேசினாரா? நம் சொற்பொழிவாளர்களுக்கு இக்கேள்வி எழுவதேயில்லை. பந்தலில் விடப்பட்ட அந்த மணமகளைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் கேட்டதில்லை.