யார் கை கட்டிய ரோபோ?

ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ரோபாட்டிக்ஸ் போட்டி அணி தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கிட் என்ன விலை, பயிற்சி யார் கொடுப்பார்கள் என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ரோபோவைக் கட்டப்போவது யாருடைய கை? இதற்குச் சில போட்டிகள் விதியிலேயே பதில் வைத்திருக்கின்றன. சில, தெரிந்தே பதில் சொல்லாமல் விட்டிருக்கின்றன. ஓர் அணியால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நன்மையும் வரும் கேடும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகின்றன.

இவற்றில் பெரியது அமெரிக்காவின் ஃபர்ஸ்ட். 1989இல் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் தொடங்கியது. விளையாட்டு வீரர்களைக் கொண்டாடும் பிள்ளைகள் பொறியாளர்களை ஏன் கொண்டாடுவதில்லை என்பது அவருடைய ஆதங்கம். அவரோடு சேர்ந்த எம்ஐடி பேராசிரியர் உடி ஃப்ளவர்ஸ், மாணவர்களிடம் ஒரு பெட்டிச் சாமான்களைக் கொடுத்து, அதைக் கொண்டே இயந்திரம் செய்து மோதவிடும் வகுப்புக்குப் பேர்போனவர். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. தொழில்முறைப் பொறியாளர்கள் மாணவர்களோடு ஒரே மேசையில் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதே திட்டத்தின் உயிர். அதனால்தான் உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் பெரியவர்கள் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இன்றுவரை அளவு விதிக்கப்படவில்லை. வெல்டிங்கைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் படிப்புதான் என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்காவது வாரத்திலும் பார்த்துக்கொண்டு மட்டுமே நிற்கும் பிள்ளைக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

போட்டியின் ஆட்டமுறையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஓர் ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம்தான். முதல் சில விநாடிகள் ரோபோ தன் நிரலை நம்பித் தானாக ஓட வேண்டும். பிறகுதான் பிள்ளைகள் விசையைத் தொடலாம். மூன்று அணிகள் ஒரு கூட்டணி. எதிரே இன்னொரு மூன்று. இந்த ஆட்டத்தில் தோள் கொடுத்த அணி அடுத்த ஆட்டத்தில் எதிரில் நிற்கும். ஆகவே பக்கத்து அணியின் மோட்டார் புகைந்தால் உதிரிபாகம் கொண்டு ஓடுவது பெருந்தன்மை மட்டுமல்ல, புத்திசாலித்தனமும்கூட. இறுதிச் சுற்றுகளுக்கு முன்னிலை அணிகள் தம் கூட்டாளிகளைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. அதற்காக ஒவ்வோர் அணியும் நாள் முழுக்க நாலைந்து பேரைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்து மற்றவர்களின் ஆட்டத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆடம்பரமாக வந்து பாதியில் நின்றுபோகும் ரோபோவைவிட, ஒரு சின்ன வேலையைத் தவறாமல் செய்கிற ரோபோவுக்கு அழைப்பு வரும். காசில்லாத அணிக்கு மரியாதையான இடம் ஒன்றை விதிகளே ஒதுக்கித் தந்திருக்கின்றன. பள்ளித் தேர்வுகளில் நான் காணாதது இது.

ஆனால் காசின் சாமர்த்தியத்தை எந்த விதியாலும் முழுதாகக் கட்டிவைக்க முடியவில்லை. முன்பெல்லாம் ஜனவரியில் ஆட்டத்தை அறிவித்து ஆறு வாரம் கெடு கொடுப்பார்கள். கெடு முடிந்ததும் ரோபோவைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே காலம் என்ற சமத்துவம்தான் நோக்கம். வசதியான அணிகள் என்ன செய்தன? அச்சு அசலாக இரண்டாவது ரோபோ ஒன்றைக் கட்டின. ஒன்று பையில் தூங்க, மற்றொன்றை வைத்து வாரக்கணக்கில் ஓட்டிப் பழகின. ஒரு ரோபோவுக்கே உண்டியல் குலுக்கிய அணி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் 2020 பருவத்திலிருந்து அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். இப்போது பையும் இல்லை, ஓய்வும் இல்லை. வழிகாட்டியாக வரும் பொறியாளர் வீட்டில் மூன்று மாதம் காணாமல் போகிறார். பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏழை அணியின் வெற்றிக்குச் சான்றாக எல்லோரும் சொல்வது அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக் கார்ல் ஹேடன் பள்ளியின் கதை. 2004இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் நடந்த நீரடி ரோபோ போட்டியில், மெக்சிகோவிலிருந்து ஆவணமின்றி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர், பிவிசி குழாயில் கட்டிய ரோபோவால் எம்ஐடி அணியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். மின்சுற்றுப் பெட்டிக்குள் கசிந்த நீரை உறிஞ்ச டாம்பான் வாங்கித் திணித்தார்கள். அங்கே நடுவர்கள் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள்; ஒவ்வொரு குழாயும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. இதுவரையான கதை சினிமாவாகவும் வந்துவிட்டது. பின்கதையைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். ஆவணமில்லாதவர்களுக்கு மாநிலச் சலுகைக் கட்டணம் கிடையாது என்ற சட்டம் 2006இல் அரிசோனாவில் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நால்வரில் ஒருவர் கட்டணம் தாங்காமல் கல்லூரியைப் பாதியில் விட்டார். அணி அவர்களுக்குத் திறமையையும் தைரியத்தையும் கொடுத்தது. அதற்கு மேல் ஓர் அணியிடம் எதிர்பார்ப்பது அதிகம். ரோபாட்டிக்ஸில் சேர்ந்தால் எதிர்காலம் உறுதி என்று பெற்றோரிடம் நோட்டீஸ் நீட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

யாருடைய கை என்ற கேள்விக்குக் கறாரான பதில் வைத்திருந்தது 2004இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட். பல ஆண்டுகள் அங்கே ரோபோவைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. களத்தில் பிள்ளைகளே மறுபடி கோக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் கயிற்றுக்கு வெளியே. அன்று காலையில் புதிதாக ஒரு விதியையும் அறிவிப்பார்கள். அப்பா எழுதிக் கொடுத்த நிரல் மட்டும் அங்கே போதாது. சிறுவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக் இதையே மென்மையாகச் செய்கிறது: ரோபோவின் ஓட்டத்துக்குப் புள்ளி தருவதோடு, பிள்ளைகளை அறைக்குள் அழைத்து எப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்கிறது. அமெரிக்காவில் வசிக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் கார் ஷெட்டில் மேசை போட்டு இந்த லீக்குக்கு அணி நடத்துகிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி என்ற நினைப்பு உள்ளே நுழைந்ததும் மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் கூடிவிடுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு குறை அணிக்கு உள்ளேயே முளைக்கிறது. போட்டி நெருங்க நெருங்க, நன்றாக நிரல் எழுதும் பையன் நிரலை விடமாட்டான். நன்றாகப் பேசும் பெண் போஸ்டருக்கும் விளக்க உரைக்கும் போவாள். வெற்றிக்கு இது சரியான ஏற்பாடு; கற்பதற்கு நேர் எதிர். வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் புள்ளி குறையும். அந்தப் புள்ளியை விட்டுக்கொடுக்க அணியை நடத்துபவர் தயாரா என்பதைத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் பேசித் தீர்க்காவிட்டால், பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழுவில் தீர்க்க வேண்டியிருக்கும்.

பள்ளி அணிக்கு ஆசிரியர் இருக்கிறார், அறை இருக்கிறது. ஊர் அணி பெரும்பாலும் தொடங்கியவரின் பிள்ளை வயது தாண்டியதும் கலைகிறது. லெகோ லீக்கில் ஓர் அணிக்கு 10 பேர் வரை சேர்க்கலாம். பத்துப் பேரும் ஒரே வகுப்பு நண்பர்களாக இருந்தால் எல்லோரும் ஒன்றாகவே வெளியேறுவார்கள், கிட் பரணுக்குப் போகும். வயது கலந்து எடுத்தால் முதல் ஆண்டு தடுமாற்றம்தான். 10 வயதுப் பிள்ளை மோட்டாரைத் தலைகீழாக மாட்டும். அதைக் கழற்றித் திருப்பி மாட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை 13 வயதுக்காரியிடம் விட்டுவிட்டால், அவளும் இன்னொரு முறை படிக்கிறாள். பெரியவருக்கு மேசைப் பக்கம் வேலையும் குறைகிறது.