எவ்வளவு குறைச்சே?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏற்காடு ஏரியைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவில் கரடியூர் போய்ச் சேர்ந்தால், பார்ப்பதற்கு இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வியூ பாயின்ட்டிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு. இன்னொன்று, லீவு நாட்களில் அங்கே வந்து நிற்கும் கார்கள். நட்சத்திரம், நாலு வளையம், நீலமும் வெள்ளையுமாக வட்டம். சின்னப் பிள்ளைகள்கூட தூரத்திலிருந்தே பெயர் சொல்லிவிடுகிறார்கள்.

புதுசாக அப்படி ஒரு கார் வாங்கியவரிடம் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி எது? ஏர்பேக் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. மைலேஜ் கேட்பது அநாகரிகம். ‘‘எவ்வளவு குறைச்சே?’’

இதற்கு எப்போதும் ஒரு முழு எண்தான் பதில். ‘‘ரெண்டு லட்சம். மேனேஜரையே கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசிட்டேன்ல!’’ சொல்பவர் முகத்தில் கார் வாங்கிய சந்தோஷத்தைவிட, குறைத்து வாங்கிய சந்தோஷம் அதிகம்.

இந்த ரெண்டு லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா?

ஷோரூம் விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே 40 சதவீத ஜி.எஸ்.டி. ஒளிந்திருக்கிறது. அதாவது, கார் 57 லட்சம், வரி 23 லட்சம். அடுத்து தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரில் இதை 15 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். அது ஒரு 16 லட்சம். இன்ஷூரன்ஸ், இதர சில்லறை எல்லாம் சேர்த்தால் ரோட்டுக்கு வரும்போது ஏறத்தாழ ஒரு கோடி. அதில் கிட்டத்தட்ட 39 லட்சம் அரசாங்கத்துக்கு. நம் வீரர் மேனேஜரை உட்காரவைத்துப் பேசிய பேச்சு, மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கு.

சரி, அந்த இரண்டு சதவீதமாவது நிஜமா?

கரடியூர் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கார் வாங்கிய பேப்பர்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். ‘‘பாருங்க, ஒண்ணரை லட்சம் குறைச்சிருக்கேன்’’ என்றார். குறைத்திருந்தார்கள், உண்மைதான். கீழே ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே மேட், பாலிஷ், கோட்டிங் எல்லாம் சேர்த்து ‘எசென்ஷியல் கிட்’. இன்ஷூரன்ஸை அவர்களே எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதே பாலிசிக்கு வெளியே விசாரித்தால் முக்கால் லட்சம் கம்மி. கடனையும் அவர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். பழைய காரையும் அவர்களே ‘ஒரு ரேட்டு போட்டு’ எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், ஒண்ணரை லட்சம் முன்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போயிருந்தது. நண்பர் ஃபைலை மூடிவிட்டு, ‘‘காபி சாப்பிடறீங்களா?’’ என்றார்.

இதில் ஒவ்வொன்றையும் பற்றி விஷயம் தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற வரியை எந்த அரசாங்கமும் போடவில்லை. காரை உங்கள் கையில் கொடுப்பது வியாபாரியின் வேலை. அதற்குத்தான் லாபம். இன்ஷூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் கேட்பது 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட ‘தேர்ட் பார்ட்டி’ பாலிசி. அதை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். 50 லட்சம் கடனை ஐந்து வருடத்தில் கட்டுவதாக இருந்தால், 9 சதவீதத்துக்கும் 9.5 சதவீதத்துக்கும் வித்தியாசம் சுமார் 73 ஆயிரம் ரூபாய். ‘அரை பர்சென்ட்தானே’ என்று கையெழுத்துப் போடுகிற இடம் அது.

பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 2016 ஜூன் முதல் டி.சி.எஸ். என்று ஒரு சதவீதம் பிடிக்கிறார்கள். 80 லட்சம் காருக்கு 80 ஆயிரம். இது செலவே அல்ல. உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் சொல்ல மறந்துவிட்டு, ஷோரூமில் பத்தாயிரம் ரூபாய் கவருக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

‘இலவசம்’ என்று தலையில் கட்டுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. டீலர் அடிப்படை விலையில் ஒரு லட்சம் விட்டுக்கொடுத்து, அதை பில்லிலும் காட்டினால், ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து உங்களுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் குறையும். அதே லட்சத்தை ஸீட் கவராகவும் செண்ட் பாட்டிலாகவும் கொடுத்தால், நீங்கள் கேட்காத ஸீட் கவரும் செண்ட் பாட்டிலும்தான் மிச்சம். ஜனவரியில் ‘ஸ்பெஷல் ஆஃபர்’ என்றால் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். போன வருஷத்துக் காராக இருக்கும். அது ஆர்.சி. புத்தகத்திலேயே ஏறிவிடும். விற்கப்போகும்போது எதிராளி முதலில் அதைத்தான் பார்ப்பான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு சாமர்த்தியமாகப் பேசினால்கூட, 2025 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். அதுவரை பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 22 சதவீதம் வரை செஸ். செப்டம்பர் 22 முதல் எல்லாம் சேர்த்து ஒரே 40. ஆடித் தள்ளுபடி என்றால் ஜவுளிக்கடை என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அந்தப் புரட்டாசியில் ஆடி காருக்கு 2.6 லட்சத்திலிருந்து 7.8 லட்சம் வரை விலை குறைந்தது. ரேஞ்ச் ரோவரில் சிலவற்றுக்கு 30 லட்சம் வரை! ஆகஸ்ட்டில் ரத்தம் சிந்தி ரெண்டு லட்சம் குறைத்தவர், ஒரு மாதம் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதைவிட அதிகம் சம்பாதித்திருப்பார்.

நிஜமான பெரிய பேரம் அரசாங்கத்தோடுதான் என்பது மிகப்பெரிய கார் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காருக்கு நுழைவு வரி கேட்டதை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போனார். 2021 ஜூலையில் மனு தள்ளுபடி. ஒரு லட்சம் அபராதம். கூடவே காரமான சில வார்த்தைகள். அப்பீலில் அபராதத்தை நிறுத்திவைத்தார்கள். 2022 ஜனவரியில் அந்த வார்த்தைகளையும் தீர்ப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். வரி சரியா என்று கோர்ட்டில் கேட்பது யாருக்கும் உள்ள உரிமை. நான் கவனிப்பது வேறு. கார் எவ்வளவு பெரிதானாலும் பேரம் நிற்பதில்லை, கவுன்ட்டர்தான் மாறுகிறது. வக்கீல் வைத்துப் பேரம் பேச முடிகிறவர் அங்கே பேசுகிறார். முடியாதவர் ஃப்ளோர் மேட்டுக்குப் பேசுகிறார்.

சரி, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பேசி ஒருவர் நிஜமாகவே மூன்று லட்சம் குறைத்துவிடுகிறார். அந்த மூன்று லட்சத்தைக் கொடுத்தது யார்? டீலரா? அவர் வருஷக் கணக்குப் பார்க்கிறவர். ஒருவரிடம் விட்டதை இன்னொருவரிடம் பிடிக்காமல் கடை நடத்த முடியாது. அந்த இன்னொருவர், கேட்கக் கூச்சப்பட்டவர். முதல் தலைமுறையாகப் பெரிய கார் வாங்க வந்து, ஷோரூமின் பளபளப்பில் பயந்து, சொன்ன இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவர்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ ஷோரூம்களுக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே வசனம், ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி. 1991-ல் முடிவு வெளியானது. வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொன்ன விலை குறைவு. பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் அதே காருக்கு அதிகம். வசனம் ஒன்றுதான், சொன்ன வாய்தான் வேறு. நம் ஊரில் யாரும் இப்படி ஆள் அனுப்பிப் பார்த்தால், வேட்டியோடு போனவருக்கு ஒரு விலை, கோட்டோடு போனவருக்கு ஒரு விலை, தனியாகப் போன அம்மாவுக்கு ஒரு விலை என்று வந்தால் நான் ஆச்சர்யப்பட மாட்டேன்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. காபியிலேயே படித்திருக்கிறார்கள். 1942-ல் வந்த காபிச் சட்டப்படி விளைந்ததை எல்லாம் காபி போர்டின் பொதுக் குவியலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போர்டு விற்று, தவணை தவணையாகப் பணம் தரும். தாமதம், சிவப்பு நாடா என்று திட்டாதவர் இல்லை. 1990-களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-ல் முழுசாக அவிழ்த்துவிட்டார்கள். இனி யாரும் யாருக்கும் விற்கலாம். அதாவது, இனி பேரம்.

பேரத்தில் ஜெயித்தது யார்? காபியை உலர்த்திக் குடோனில் வைத்துக் காத்திருக்க முடிந்தவர். நியூயார்க் விலையைக் காலையில் பார்த்துவிட்டு வியாபாரியிடம் பேச முடிந்தவர். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது, சரித்திரத்தில் இல்லாத விலை. காத்திருந்தவர் அதில் கார் வாங்கியிருக்கலாம். பிள்ளை காலேஜ் ஃபீஸுக்காக டிசம்பரிலேயே பழமாகக் கொடுத்துவிட்ட ஒரு ஏக்கர்காரர் அந்த 4 டாலரைப் பேப்பரில் படித்தார், அவ்வளவுதான்.

பேரத்தை நாம் நாக்கின் திறமை என்று நினைக்கிறோம். நாக்குக்கு அதில் வேலை கம்மி. விவரம் தெரியுமா, காத்திருக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பழைய காரை முன்கூட்டியே விற்றுவிட்டு, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் டெலிவரி வேண்டும் என்று போய் நிற்பவரும், டிசம்பரில் பழமாகவே விற்றவரும் ஒரே ஜாதி. எதிராளிக்கு அவசரம் தெரிந்துவிட்டது.

மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி 2021 அக்டோபரில் இந்தியாவில் ஒரு காரியம் செய்தது. ஸ்டாக் கம்பெனியுடையது, பில்லும் கம்பெனி போடுவது, டீலருக்குக் கமிஷன். சென்னையிலும் டெல்லியிலும் ஷோரூம் விலை ஒன்றே. ‘பேரம் இல்லாமல் கார் வாங்குவதில் என்ன ருசி?’ என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரே ஆள் விலை வைத்தால் போட்டி போய்விடும் என்ற குறையும் நியாயமானதுதான். ஒரே விலை என்றால் குறைந்த விலை என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் கூச்சப்பட்டவர் கெட்டிக்காரருக்கு மொய் எழுதுவது இதில் நிற்கிறது. நான் அதற்கு ஓட்டுப் போடுவேன்.

எல்லாக் கம்பெனியும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு தாள் போதும். அமெரிக்காவில் 1958-லேயே மன்ரோனி என்ற செனட்டர் சட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு புதுக் காரின் ஜன்னலிலும் ஒரு ஸ்டிக்கர். அடிப்படை விலை எவ்வளவு, கூடுதல் சாமான் ஒவ்வொன்றும் எவ்வளவு, கொண்டுவந்து சேர்த்த கூலி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. கார் வாங்கியவர் கைக்குப் போகும்வரை அதைக் கிழிக்கக் கூடாது. அந்த ஊரிலும் பேரம் உண்டு. ஆனால், எதிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நம் ஊரில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் விலை அச்சடித்திருக்கிறது. வரிகள் உட்பட என்றும் போட்டிருக்கிறது. அச்சடிக்காவிட்டால் கடைக்காரருக்கு அபராதம். 80 லட்ச ரூபாய் காரின் ரோடு விலையை ஒரு பையன் கால்குலேட்டரில் தட்டி, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுக்கிறான். அதை நாம் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறோம்.

அடுத்த தடவை யாராவது புதுக் கார் சாவியை மேஜை மேல் வைத்தால், எவ்வளவு குறைச்சே என்று கேட்காதீர்கள். ‘‘எது எதுக்கு எவ்வளவு கொடுத்தே?’’ என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் ஃபைலைத் தேட வேண்டியிருந்தால், மூன்று லட்சம் குறைத்த கெட்டிக்காரருக்கு மொய் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும்.