கட்சி கட்டும் ரசனை

தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து கூடுமிடத்தில், இளையராஜாவா, ஏ. ஆர். ரஹ்மானா என்னும் வழக்கு எழாமல் இருப்பது அரிது. மூத்தோர் 1976-இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’யைச் சான்றுக்கு அழைப்பர், இளையோர் 1992-இல் வந்த ‘ரோஜா’வை முன்னிறுத்துவர். இவ்வழக்கை வெறும் பொழுதுபோக்கென நாம் ஒதுக்கவில்லை. தாமே கேட்டுத் தாமே துணிந்து சொல்லும் கருத்திலிருந்துதான் திறனாய்வு தொடங்குகிறது.

ஆயினும் இவ்வழக்கில் இரு குறைகள் உள. ஒன்று, பகை இல்லாவிடத்துப் பகை காண்பது. ரஹ்மான் இளமையில் இளையராஜாவின் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டுவதில்லை.

மற்றொன்று, பாடலின் சொல்லை மறப்பது. ‘ரோஜா’வின் இசைக்காக ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்தது, அதே படத்தின் பாடலுக்காக வைரமுத்துவுக்கும் கிடைத்தது. அப்படம் இந்தி பேசி வடக்கே பரவியபோது மெட்டு வந்தது, தமிழ்ச்சொல் வரவில்லை. அன்று அப்பாடல்களை முதன்முதலில் இந்தியிலேயே கேட்ட நம் சிறுவர் சிலர் இன்று தாமே பெற்றோர். அவர்தம் மக்களுக்கு மெட்டு மட்டுமே போய்ச் சேர்ந்தால், தமிழ்ப் பாடலில் பாதிதான் அவர்களுக்குரியதாகும்.

ஆதலின், எவர் பெரியவர் என்று பிள்ளைகளைக் கேளாது, எந்தச் சொல்லில் மெட்டு உயர்கிறது, ஏன் உயர்கிறது எனக் கேட்போமாக. அதற்கு விடை தேடும் பிள்ளை அச்சொல்லின் பொருளையும் தேடியே தீரும்.