அகப்பாட்டும் மாலுமியின் மடலும்

பிரிவைப் பாடுதலில் தமிழிலக்கியம் பெருஞ்செல்வம் உடையது. பொருள்வயிற் பிரிவையும் வேந்தற்கு உற்றுழிப் பிரிவையும் சங்கச் சான்றோர் பலகாற் பாடினர். மதுரை மருதன் இளநாகனார் அகநானூற்று 255ஆம் பாட்டில் தலைவனைக் கலமேற்றியே அனுப்புகின்றார். ஆயினும் பிரிந்தவன் தன் கையால் எழுதிய மடலை அப்பாடல்களிற் காண்டல் அரிது. பாணன் முதலிய வாயில்களே ஆண்டுச் செய்தி கொணர்வோர். போர்க்காலத்து இளமாலுமி தன் இல்லத்திற்கு வரையும் மடலை இம்மரபோடு ஒப்புநோக்கின், இரண்டிற்கும் உள்ள உறவும் முரணும் புலனாகும்.

இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், சப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் ஹெக்டர், தெனடோஸ் என்னும் கப்பல்கள் அழிந்தன. அன்றே இலங்கைக்குத் தென்மேற்கே கார்ன்வால், டார்செற்சயர் என்னும் போர்க்கப்பல்கள் இரண்டு மூழ்க, 424 பேர் மாண்டனர். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் யாவரும் அறிந்த செய்தியாயினும், மாலுமியின் மடலில் அஃது இடம்பெறல் ஆகாது. கப்பலின் இருப்பும் செலவும் அழிவும் தணிக்கைக்கு உரியன. 1938இல் தோன்றிய இலங்கைக் கடற்படைத் தொண்டர் படையும் அப்போரிற் பிரித்தானியக் கடற்படையின் ஆணைக்கு உட்பட்டது. ஆகவே, வெள்ளவத்தைக் கரையினின்று காணும் தொலைவில் தன் கலம் நிற்பினும், கொழும்பு இளைஞன் அதனைத் தாய்க்கு எழுதல் இயலாது.

அகத்திணையில் ஒருவரைப் பெயர் சுட்டி உரைத்தலாகாது என்பது தொல்காப்பியர் விதி. நெடுநல்வாடையில் வேம்பு சூட்டிய வேல் கூறப்பட்டமையின், பாண்டியனுக்குரிய அடையாளம் வெளிப்பட்டதெனக் கொண்டு அதனைப் புறமென்றார் நச்சினார்க்கினியர். தணிக்கையாளர் நோக்கும் இத்தகையதே. ஒரு துறையின் பெயர் மடலைப் பகைவர்க்குரிய செய்தியாக்கிவிடும். ஆயின், முரண் ஒன்றுண்டு. அகப்பாட்டு நிலத்தையும் பொழுதையும் கூறிப் பெயரை மறைக்கும். மாலுமியின் மடலோ தாயையும் தங்கையையும் பெயரோடு விளித்து நிலத்தை மறைக்கும். முன்னையது எல்லார்க்கும் உரியது. பின்னையது ஒரு வீட்டிற்கே உரியது.

பெயரும் ஒழியின் மடல் யாதாகும்? சிலப்பதிகாரம் இதற்கு விடை தருகின்றது. கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைக் கண்ட கோவலன், அதன் வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதை உணர்ந்து, அதனையே அவர்க்கு விடுத்தான். முதல் உலகப் போரிற் பிரித்தானியப் படைஞர்க்கு வழங்கிய அச்சிட்ட அஞ்சலட்டையும் பிறர் சொல்லே. வேண்டாத தொடர்களைக் கோடிட்டு நீக்கிக் கையொப்பம் இடலாம். பிறிதொரு சொல் சேர்ப்பின் அட்டை அழிக்கப்படும். எனினும், மாதவியின் ஓலையில் இரங்கும் நெஞ்சமுண்டு. கோவலன் அதனைத் தானே தேர்ந்துகொண்டான். அட்டையிலோ கையொப்பம் ஒன்றே மகனுடையது.

கோவலன் பின்னர் மதுரையிற் கொலையுண்டான். அவ்வோலையே பெற்றோர்க்கு அவன் விடுத்த இறுதிச் செய்தி. ஆதலின் இத்தகைய மடல்களைச் சொல்வளங்கொண்டு அளத்தல் பொருந்தாது. தங்கையின் படிப்பு, தாயின் இருமல், முற்றத்து மாமரம் என்பவை பற்றிய வினாக்கள் பகைவனுக்குப் பயன்படா. எனவே தணிக்கையின் மை அவற்றைத் தீண்டாது. ஆயினும், அகப்பாட்டின் இறைச்சிப் பொருள்போல, மாமரம் காய்த்ததா என்னும் வினாவினுள் அதனைக் காண வாழ்வேனோ என்னும் அச்சம் அடங்கியிருத்தல் கூடும். அழிக்கப்பட்ட வரிகளைத் தேடுவோர், எஞ்சிய அச்சிறு வரியையும் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும்.