அணங்கும் மருந்தும்

நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு மோகினிக் கதை புதிதன்று. மலாய் மக்களின் பொந்தியானாக் கதையும் அதனோடு இணைந்தே வழங்கும். இரண்டிலும் பெண்ணின் அழகே ஆபத்தின் அடையாளம். பட்டினத்தார் பாடல்களும் அவ்வழகை அஞ்சி ஒதுங்கவே கற்பித்தன. அஞ்சுகின்றவனின் மனத்தை ஆராயவில்லை.

ஆராய்ந்தவர் வள்ளுவர். 'தகையணங்குறுத்தல்' என்னும் 109ஆம் அதிகாரத்தில் தலைவன் எதிர்ப்பட்டவளைத் தெய்வமோ என ஐயுறுகிறான். அவள் கண்ணைக் கூற்றம் என்கிறான். பகைவர் அஞ்சும் தன் வலிமை அவள் நெற்றிக்கு முன் உடைந்ததையும் ஒப்புகிறான். பத்துக் குறளிலும் அவள் வாய் திறப்பதில்லை. பேசுவதெல்லாம் அவனுடைய அச்சமே.

அடுத்து வருவது 'குறிப்பறிதல்'. பரிமேலழகர் வைப்புமுறையில் அதன் முதற்குறளிலேயே, நோய் செய்த கண் மருந்தாகவும் அமைகிறது. தான் பார்க்கையில் தலை கவிழ்பவள், பாராதபோது தன்னைப் பார்த்து முறுவலிப்பதை அவன் அறிகிறான். நாணமும் தயக்கமும் அவளுக்கும் உண்டு என உணர்ந்ததும் அணங்கு மறைகிறது, பெண் தோன்றுகிறாள்.

அழகுக்கு அஞ்சி விலகுவது துறவன்று, அறியாமை. எதிரில் நிற்பவளுக்கும் ஒரு மனம் உண்டென அறியும் நாளில், தோட்டத்து மோகினிக்கும் அங்கே இடமில்லை.