தவக்காலச் சொற்களில் உணவும் துயரும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்வரை அமையும் நோன்புக் காலத்தைத் தமிழ்க் கிறித்தவர்கள் தவக்காலம், லெந்து காலம் என இரு பெயர்களால் வழங்குகின்றனர். அக்காலத்துக்குரிய ஒருசந்தி, சுத்தபோசனம், வியாகுலம் முதலிய சொற்கள், தமிழர் வாழ்வில் முன்பே வேரூன்றியிருந்த பொருள்களை உடன்கொண்டு திருச்சபைக்குள் வந்தவை. அவற்றுள் ‘சுத்தபோசனம்’ என்பது நற்செய்தியின் போக்கோடு முரண்படுவதையும், அம்முரணைக் களைவதற்கான கருத்து வளம் திருக்குறளிலும் புலம்பல் மரபிலும் உள்ளதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தவக்காலம், லெந்து, ஒருசந்தி, சுத்தபோசனம், நோன்பு, வியாகுலப் பிரசங்கம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் மையமாகக் கொண்டவை. தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் கிடைத்த கவனம், வழிபாட்டிலும் இல்லத்திலும் நாள்தோறும் புழங்கும் சமயச் சொற்களுக்குக் கிடைக்கவில்லை. காப்பியத்தைப் படித்தோர் சிலர். ஒருசந்தி இருந்தோர் பல தலைமுறையினர். ஒரு சமூகம் தன் நம்பிக்கையை எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை அறிய, அது தன் நோன்புக்கு இட்ட பெயர்களும் சான்றாகும். இந்நோக்கில் தவக்காலச் சொற்கள் சில இங்கு ஆராயப்படுகின்றன.

கத்தோலிக்க மரபில் இக்காலம் சாம்பல் புதனன்று தொடங்குகிறது. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பல் நெற்றியிலோ தலையிலோ இடப்படுகிறது. ஆலயத்தில் ஊதா நிறம் மேலோங்குகிறது, அல்லேலூயா ஒலிப்பதில்லை, வெள்ளிக்கிழமைகளில் பதினான்கு நிலைகள் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறுகிறது. இவை கூட்டாகச் செய்யப்படுபவை. ஆனால், சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரப் பகுதி, நோன்பிருப்பது பிறர்க்குத் தெரியக் கூடாது என்கிறது. நெற்றியில் சாம்பல் பூசும் நாளிலேயே முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்லும் பகுதி வாசிக்கப்படுகிறது. தனிமனிதரின் மறைவான நோன்பும் சபையின் வெளிப்படையான துக்கமும் எவ்வாறு இணைகின்றன என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது.

தவம் என்னும் சொல்

இலத்தீனில் இக்காலத்தின் பெயர் ‘நாற்பதாம் நாள்’ எனப் பொருள்படும் எண்ணுப்பெயர். தமிழ்க் கத்தோலிக்கர் எண்ணைக் கைவிட்டுத் தவத்தைப் பெயராக்கினர். இத்தேர்வு விளைவுகள் கொண்டது. திருக்குறளில் தவம் துறவறவியலில் வைக்கப்பட்டது. தவத்தோர்க்கு உணவளிப்பது இல்லறத்தார் கடமை. தவம் புரிவது துறவியின் நெறி. தவக்காலமோ உழவர், மீனவர், ஆசிரியர் என எல்லா இல்லறத்தாரையும் நாற்பது நாள் தவத்துக்கு அழைக்கிறது. துறவுக்குரிய சொல் இல்லத்துக்குள் வந்துவிட்டது.

குறளின் அதிகார வைப்புமுறையும் நோக்கத்தக்கது. அருளுடைமை 25ஆம் அதிகாரம், புலால்மறுத்தல் 26, தவம் 27, கூடாவொழுக்கம் 28. அருளிலிருந்து புலால் மறுத்தல் பிறக்கிறது. அதன்பின் தவம் பேசப்படுகிறது. உடனே தவவேடத்தின் போலித்தனம் கண்டிக்கப்படுகிறது. தவக்காலத் தொடக்க வாசகங்களும் ஏறத்தாழ இவ்வுறுப்புகளையே கொண்டுள்ளன. சாம்பல் புதனன்று மத்தேயு வெளிவேடத்தைக் கண்டிக்கிறார். அதையடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58ஆம் அதிகாரம், பசித்தோர்க்கு உணவைப் பகிர்வதும் ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்கிறது. இரு மரபுகளுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. தமிழ் வாசகர் ‘தவம்’ என்ற சொல்லைக் கேட்கும்போது, அருளையும் போலித்தவக் கண்டனத்தையும் உடன்நினைக்க இடமுண்டு என்பதே இங்கு முதன்மையானது.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

பழைய ஞானோபதேச வழக்கில் நோன்பு நாட்கள் இரு சொற்களால் குறிக்கப்பட்டன. ஒருசந்தி என்பது ஒருபொழுது மட்டும் உண்பது. சுத்தபோசனம் என்பது இறைச்சி தவிர்த்த உணவு. இவற்றுள் ‘ஒருசந்தி’ மிகப் பொருத்தமான ஆக்கம். நாளில் ஒரு முறை மட்டுமே முழு உணவு என்னும் திருச்சபைச் சட்டமும், இந்துக்களிடையே முன்பே வழங்கிய ஒருபொழுது நோன்பும் இச்சொல்லில் பிசிறின்றிப் பொருந்துகின்றன. அளவைக் குறிக்கும் சொல் அது. உணவின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

‘சுத்தபோசனம்’ அவ்வாறன்று. இறைச்சி நீங்கிய உணவு சுத்தமானது எனில், இறைச்சி உணவு அசுத்தமானது என்பது சொல்லாமலே பெறப்படும். ‘சுத்தம்’ என்பதற்கு ‘கலப்பற்றது’ என்று மட்டும் பொருள் கொள்ளலாமே என்பார் உளர். அகராதி அளவில் அதற்கு இடமுண்டு. ஆயினும், உணவைக் கொண்டு மனிதரை மேல் கீழ் எனப் பிரித்த சமூகத்தில் ‘சுத்தம்’ என்னும் சொல் அகராதியோடு நிற்பதில்லை. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நோபிலி, புலால் நீக்கிச் சந்நியாசியாக வாழ்ந்ததனாலேயே உயர்குடியினர் தம்மை அணுகும் நிலையைப் பெற்றார். புலால் விலக்கு அன்றைய சமூகத்தில் மதிப்பின் அடையாளம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

திருச்சபைச் சட்டத்தின் நோக்கம் வேறு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தியபோதும், 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இறைச்சி தவிர்த்தல் ஒறுத்தல் முயற்சியாகவே கூறப்பட்டது. 14 வயது நிறைந்தோர் இறைச்சி தவிர்க்க வேண்டும்; 18 வயது நிறைந்தோர் 60ஆம் அகவை தொடங்கும்வரை சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் நோன்பிருக்க வேண்டும். இறைச்சி நல்லது, நல்லதை விடுவதனாலேயே அது ஒறுத்தலாகிறது. அசுத்தமான ஒன்றைத் தவிர்ப்பதில் ஒறுத்தல் ஏது? இவ்வகையில் ‘சுத்தபோசனம்’ தான் குறிக்கவந்த செயலின் பொருளையே குலைக்கிறது.

நடைமுறையிலும் இதன் தடத்தைக் காணலாம். சட்டம் மீனை விலக்கவில்லை. எனினும் தமிழ்க் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் தவக்கால நோன்பு என்பது மீனும் முட்டையும் நீக்கிய முழு மரக்கறி உணவாகவே கொள்ளப்படுகிறது. சட்டத்தைவிடச் சொல்லே இங்கு வலியதாயிற்று எனலாம்.

விவிலியச் சான்றும் இச்சொல்லுக்கு எதிராகவே நிற்கிறது. வெளியிலிருந்து வாய்க்குள் செல்வது எதுவும் மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்கிறது மாற்கு 7ஆம் அதிகாரம். திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு காணும் காட்சி, உணவில் தீட்டு இல்லை என்பதிலிருந்து மனிதரில் தீட்டானவர் இல்லை என்பதற்குச் செல்கிறது. உணவுத் தீட்டும் மனிதத் தீட்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அப்பகுதி உணர்ந்திருக்கிறது. தமிழகக் கத்தோலிக்கருள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். அவர்களுள் பலருடைய உணவு நெடுங்காலம் இழிவாகச் சுட்டப்பட்டது. அவர்களும் உறுப்பினராயுள்ள சபையில் இறைச்சியற்ற உணவுக்குச் ‘சுத்தம்’ என்று பெயரிடுவது எளிதில் கடந்துபோகத்தக்க செய்தி அன்று.

லெந்து

சீர்திருத்தச் சபையினர் வழங்கும் ‘லெந்து’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது இளவேனிலைக் குறித்தது. தமிழகத்தில் இக்காலம் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டி, வெயில் ஏறும் பருவத்தில் வருகிறது. ஆகவே தமிழில் ‘லெந்து’ பருவத்தையும் குறிப்பதில்லை. தவத்தையும் தூய்மையையும் குறிப்பதில்லை.

உணவு விதிகளைப் பொறுத்தவரை இச்சபையினரின் நிலைப்பாடு தெளிவானது. 1522இல் சூரிச்சில் தவக்காலத்தில் இறைச்சி உண்டோர்க்கு ஆதரவாக சுவிங்கிலி பேசினார். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் 26ஆம் பிரிவில், உணவு வேறுபாடுகளால் அருளைப் பெறலாம் என்னும் கருத்தை மறுத்தது. இருப்பினும் தமிழ்ச் சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் பலவற்றில் லெந்து நாட்களில் இறைச்சி விலக்கப்படுகிறது, மணவிழா நடத்தப்படுவதில்லை, பெண்கள் பூச்சூடுவதைத் தவிர்க்கின்றனர். கோட்பாடு கேளாததை வழக்கம் கேட்டுப் பெற்றிருக்கிறது. பூவும் மணமும் விலக்குவது, இறப்பு நிகழ்ந்த வீட்டின் ஒழுக்கம். இங்கு மையமாவது துக்கம் காத்தல்; தூய்மை அன்று. சொல்லில் பொருளற்ற ‘லெந்து’, நடைமுறையில் துயரின் காலமாக நிறைவு பெறுகிறது.

வியாகுலப் பிரசங்கம்

இத்துயர் மரபு இலக்கியமாகவும் வடிவம் பெற்றது. வீரமாமுனிவரின் அன்னை அழுங்கல் அந்தாதி மரியாவின் துயரைப் பாடுவது. அதனினும் பரவலாக மக்களைச் சென்றடைந்தது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம். கோவாவில் 1676இல் பிறந்த இவர், கத்தோலிக்க சமயம் ஒல்லாந்தரால் தடைசெய்யப்பட்டிருந்த இலங்கைக்கு 1705இல் வந்து, சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, 1742இல் அங்கேயே மறைந்தார். கிறிஸ்துவின் பாடுகளை விரிக்கும் இவ்வுரைநடை நூல், ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் சோக இராகத்துடன் வாசிக்கப்பட்டு வந்தது. ஒருவர் வாசிக்க ஊரார் கூடிக் கேட்கும் முறையில், எழுத்தறியாதவரும் இந்நூலின் வாசகராயினர்.

இதனை ஒப்பாரி மரபோடு வைத்துக் காண்பது பொருந்தும். ஒப்பாரியில் ஒருவர் இறப்புக்கு அழவந்த பெண், தன் வீட்டு இழப்பையும் சேர்த்தே அழுகிறாள். மகனை இழந்த தாயின் வியாகுலத்தைக் கேட்பவரும் அவ்வாறே தம் இழப்பை அதில் ஏற்றிக் கேட்கின்றனர். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வாழும் மண்ணில் இத்துயருரை பழங்கதையாக நின்றுவிட முடியாது.

எனினும் கண்ணீரும் வேடமாகலாம். பாடுகளைக் கேட்டு அழுது, அடுத்த வீட்டுத் துயரைக் காணாது செல்வோரும் உண்டு. இதற்குரிய திருத்தம் அம்மரபினுள்ளேயே உள்ளது. சிலுவைப்பாதையின் எட்டாம் நிலையில், தம்மைக் கண்டு அழும் எருசலேம் பெண்களிடம், எனக்காக அன்று, உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்னும் கருத்தில் இயேசு பேசுகிறார் (லூக்கா 23:28). துக்கம் எங்குச் சென்று சேர வேண்டும் என்பதை இந்நிலை காட்டுகிறது.

முடிவுரை

தவக்காலத் தமிழ்ச் சொற்களில் இரு போக்குகள் புலனாகின்றன. ஒன்று உண்பவரின் உடலைத் தூய்மை நோக்கித் திருப்புகிறது. மற்றொன்று கேட்பவரின் மனத்தைப் பிறர் துயர் நோக்கித் திருப்புகிறது. முதலாவதன் எச்சமான ‘சுத்தபோசனம்’ கைவிடத்தக்கது. அதற்கு ஈடான சொற்கள் இல்லாமலில்லை. ‘நோன்பு’, ‘புலால் தவிர்த்தல்’ என்பன இன்றைய வெளியீடுகளில் இடம்பெற்று வருகின்றன. குறள் தவத்தின் வடிவத்தைக் கூறுமிடத்தில் தனக்குற்ற துன்பத்தைப் பொறுத்தலை ‘நோன்றல்’ என்கிறது. அதனோடு பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே சொல்கிறது. நோன்பு என்னும் சொல்லின் வேரும் அந்நோன்றலே. பொறுத்தலும் பிறரைத் துன்புறுத்தாமையும் ஒருங்கே அமைந்த இப்பொருள் எசாயாவின் நோன்புக்கு மிக அண்மையது.

திருப்பலி நூல்களின் மொழி திருத்தப்படுவதுபோல், வீட்டு நாட்காட்டியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் வழங்கும் நோன்புச் சொற்களும் மறுபார்வைக்கு உட்பட வேண்டும். ஒருசந்தியில் உண்ணாது விட்ட மறுவேளைச் சோறு பசித்தவர் இலைக்குச் செல்லுமாயின், அந்த நோன்புக்குச் சுத்தம் என்னும் அடைமொழி தேவைப்படாது.